காலைப் புகையைக் கவனியுங்கள்!

மார்கழி மாதம். பொழுது இன்னும் விடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். ஆண்டாள் கோவிலை நோக்கிக் கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. மேற்கே மலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று வீசுகிறது.

அப்போது ஒரு வீட்டு வாசலில் காரைக் கிளப்புகிறார்கள்.

"குபுகுபு" என்று புகை!

கோலம் போடும் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். காரின் சொந்தக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "என்ஜின் போய்விட்டதோ? எத்தனை ஆயிரம் கேட்பார்களோ?" என்று கலங்குகிறார்.

சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்திலும் அதே நேரத்தில் அதே காட்சி. ஆனால் அந்த வீட்டுக்காரர் கலங்கவில்லை. "போன வாரம்தானே புகைச் சான்றிதழ் வாங்கினேன்! என் வண்டிக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார்.

முதலாமவர் வீணாகப் பயப்படுகிறவராக இருக்கலாம். இரண்டாமவர் வீணாகத் தைரியப்படுகிறவராக இருக்கலாம். எது உண்மை என்று தெரிய வேண்டுமானால் புகையைத்தான் கேட்க வேண்டும். என்ன நிறம்? எவ்வளவு நேரம் நிற்கிறது? எப்படி நாறுகிறது?

இந்த மூன்று கேள்விக்கும் சான்றிதழில் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் புகையைப் பார்ப்போம்.

என்ஜினுக்கு எது குளிர்?

"ராஜபாளையத்தில் ஏது குளிர்? இது ஊட்டியா, கொடைக்கானலா?" என்று கேட்கலாம்.

மனிதனுக்குக் குளிர் வேறு. என்ஜினுக்குக் குளிர் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கார் என்ஜினில் சுற்றிவரும் தண்ணீரின் சூடு சுமார் 90 டிகிரி. இரவு முழுவதும் நின்ற காரில் அது வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கிவிடும். மார்கழியில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரையில் விடியற்காலையில் 30-க்குப் பக்கத்தில் இருக்கும். 90 எங்கே, 30 எங்கே? எந்த மாதமானாலும் விடியற்காலையில் என்ஜின் குளிர்ந்த என்ஜின்தான்.

குளிர்ந்த என்ஜினுக்குக் கஷ்டங்கள் உண்டு. பெட்ரோல் நன்றாக ஆவியாகாது. ஆயில் கெட்டியாக இருக்கும். பிஸ்டன் சுருங்கி இருப்பதால் அதைச் சுற்றியுள்ள இடுக்கு சற்று அகலமாக இருக்கும். மேலே தங்கிய ஆயில், கசிய வழி இருந்தால், இரவோடு இரவாகக் கீழே இறங்கியிருக்கும்.

என்ஜின் சூடேறியதும் இந்தக் குறைகளில் பாதி மறைந்துவிடும். டாக்டர் வீட்டுப் படி ஏறியதும் சிலருக்கு வயிற்றுவலி நின்றுவிடுகிறது அல்லவா? அந்த மாதிரி. ஆகையால் நோயைக் கண்டுபிடிக்கக் கிளப்பிய முதல் இரண்டு நிமிஷம்தான் நல்ல நேரம். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினால், அங்கே புகை வராது. "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார். அவர் மேல் தப்பில்லை. அவர் பார்ப்பது சூடான என்ஜினை.

நம் தாத்தா காலத்தில் வண்டி கிளப்புவது என்பதே ஒரு பெரிய வேலை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் சாதனம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குக் காலையில் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் பயணம். இன்று பட்டனை அழுத்தினால் போதும். அழுத்திய கையோடு பின்னால் திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை!

எப்படிப் பார்ப்பது?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டும் ஆசனத்தில். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கை பிரேக் போட்டிருக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்குப் பின்னால், ஆனால் நேர் பின்னால் அல்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குழந்தைகளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் வந்தால் ஆபத்து.

ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் நல்லது. பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர்போன சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! அந்தத் துணியில் ஒரு துண்டு போதும். ஒரு குச்சியின் நுனியில் கட்டி, சைலன்சர் குழாயின் வாய்க்குச் சற்று எட்டப் பிடியுங்கள். குழாயைத் தொடக்கூடாது, முகத்தையும் கிட்டே கொண்டுபோகக்கூடாது. துணி நனைந்து, காய்ந்ததும் சுத்தமாக இருந்தால் வந்தது தண்ணீர். பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை விழுந்தால் ஆயில். கரி படிந்தால் அதிகப்படி எரிபொருள்.

வெள்ளைப் புகை

காலையில் மிக அதிகமாகத் தெரிவது வெள்ளைப் புகைதான். அதிகமாகப் பயமுறுத்துவதும் இதுவே. பத்தில் ஒன்பது தடவை இது புகையே கிடையாது. நீராவி!

காரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்துதான் வந்தது. பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! சூடான குழாய் வழியே போனால் அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போய்விடும். காலையில் குழாய் குளிர்ந்திருக்கிறது. இட்லிப் பானை மூடியில் நீர் கோத்துக்கொள்வதுபோலக் குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்கிறது. சொட்டுச் சொட்டாக விழுகிறது. வாயருகே வெள்ளையாகத் தெரிகிறது.

இந்த நீராவி மெல்லியது. குழாயை விட்டு இரண்டு முழம் போவதற்குள் கரைந்துவிடும். வாடை இராது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிடும். இதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடைத்தெருவுக்கும் கோவிலுக்குமாக ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்கள் உண்டு. அவற்றில் குழாய் நன்றாகச் சூடேறுவதே இல்லை. நீர் உள்ளேயே தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் குழாய் காயும்.

சரி, பத்தாவது தடவை என்ன?

வெள்ளைப் புகை கெட்டியாக இருக்கிறது. ஐந்து நிமிஷம் ஆகியும், பத்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை. காற்றில் கரையாமல் தெருவில் படர்கிறது. லேசாகத் தித்திப்பு வாடை அடிக்கிறது. அப்படியானால் விஷயம் வேறு. என்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிரஷர் குக்கருக்கு காஸ்கட் இருப்பதுபோல் என்ஜினுக்கும் உண்டு. அதற்கு ஹெட் காஸ்கட் என்று பெயர். என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கிறது. தண்ணீர், ஆயில், நெருப்பு மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதுதான். என்ஜின் ஒரு தடவை கடுமையாகக் கொதித்தால் அது பழுதாகலாம். சில சமயம் மேல் பாகத்தில் விரிசலே விழலாம்.

சந்தேகம் வந்தால் அன்று காலையிலேயே, என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டப்பாவைப் பாருங்கள். தினமும் குறைகிறதா? வெளியே எங்கும் ஒழுகவில்லையே, பிறகு எங்கே போகிறது? ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா? இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் அவசரப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் கார்களில் நீராவி அங்கே போய்ப் படிவதும் உண்டு.

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

காஸ்கட் போன காரை "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்! இரவில் தண்ணீர் சிலிண்டரில் தேங்கிவிட்டால், காலையில் கிளப்பும்போது பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். காஸ்கட் செலவோடு போகவேண்டியது என்ஜின் செலவில் போய் நிற்கும்.

டீசல் வண்டியில்

டீசல் வண்டியில் வெள்ளைப் புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 16-ல் ஒரு பங்காக அமுக்கினால் அது பழுக்கச் சூடாகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. காலையில் சுற்றிலும் இரும்பு குளிர்ந்திருப்பதால் சூடு போதாமல் போகிறது. பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. ஈர விறகு எரியாமல் புகைவதுபோலத்தான். கண் எரியும். டீசல் வாடை மூக்கைத் துளைக்கும்.

இதற்காகவே பல டீசல் என்ஜின்களில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் கம்பிச் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகே கிளப்ப வேண்டும். அந்த சில விநாடி பொறுமை பலருக்கு இல்லை. காத்திருந்து கிளப்பியும் புகை வந்தால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜெக்டரையும் கம்பிரஷனையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துச் சமவெளியில் ஹீட்டர் பிளக் கெட்டுப்போனதே பலருக்குத் தெரிவதில்லை. வெயில் ஊர் ஆனதால் அது இல்லாமலும் வண்டி எப்படியோ கிளம்பிவிடுகிறது. கொடைக்கானலில் ஒரு இரவு தங்கினால் மறுநாள் காலை குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீலப் புகை

எல்லாவற்றிலும் நாம் அதிகம் கவனிக்கவேண்டியது இதைத்தான்.

தாளிக்கும்போது வாணலியில் எண்ணெய் அதிகம் காய்ந்தால் நீலம் பாய்ந்த புகை எழும்புகிறது அல்லவா? காரில் நீலப் புகை வந்தால் அங்கேயும் எண்ணெய்தான் எரிகிறது. என்ஜின் ஆயில்!

எந்த வழியாக ஆயில் உள்ளே வருகிறது? பெரும்பாலும் இரண்டு வழி. மேலே வால்வு. கீழே பிஸ்டன் ரிங்.

வால்வுத் தண்டின் மேல் ரப்பரில் ஒரு சிறு சீல் இருக்கும். ஆயில் கீழே இறங்காமல் தடுப்பது அதன் வேலை. வருஷக்கணக்கில் சூடுபட்டு அந்த ரப்பர் இறுகி விறைத்துப்போகிறது. இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கித் தங்குகிறது. காலையில் கிளப்பியதும் "குப்" என்று ஒரு நீல மேகம். பத்து விநாடி, இருபது விநாடி, அவ்வளவுதான். பிறகு நாள் முழுவதும் ஒன்றும் தெரியாது.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கதையே வேறு. காலையிலும் நீலம், மத்தியானமும் நீலம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் அதிகம். ஆயில் மளமளவென்று குறையும். என்ஜினில் இழுவை இராது.

இந்த வித்தியாசம் பணத்தில் பெரிய வித்தியாசம். வால்வு சீல் மாற்றுவது சிறு வேலை. ரிங் மாற்றுவதானால் என்ஜினைப் பிரித்துப்போட வேண்டும். "புகை வருகிறதா? போர் வேலை செய்ய வேண்டும்!" என்று யாராவது ஒரே பேச்சில் முடித்தால் உடனே தலையாட்டாதீர்கள். "முதலில் கம்பிரஷன் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டராக அளந்து நம்பரை எழுதி வாங்குங்கள். எல்லாம் சமமாக, நிறுவனம் சொன்ன அளவுக்குள் இருந்தால் ரிங் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்த ஆசாமி என்று சந்தோஷப்படுவார்.

மலைப் பாதையில் இன்னொரு சோதனை உண்டு. ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அப்போது என்ஜினுக்குள் உறிஞ்சும் வேகம் அதிகம். வால்வு சீல் கெட்டிருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் இறங்கித் தேங்கும். இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை பறக்கும். உங்களுக்குத் தெரியாது. பின்னால் வருகிற வண்டிக்காரருக்குத் தெரியும். துணைக்கு வந்தவரைப் பார்க்கச் சொல்லலாம்.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் நீலப் புகை வரும். டர்போ உள்ள வண்டிகளில் டர்போவின் சீல் பழுதானாலும் வரும். பழைய இரட்டை ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் நீலப் புகை நோயல்ல. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடுவதே அவற்றின் ஜாதி.

கார் வாங்கப் போகிறீர்களா?

ஒரு குடும்பம். ஐந்து வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். மனைவியின் வளையல் அடகில். பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று திட்டம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற ஐயப்பமார் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகவும் போகிறது. நல்ல வருமானம் உண்டு.

சாயங்காலம் நான்கு மணிக்குக் காரைப் பார்க்கப் போகிறார்கள். பளபளவென்று கழுவித் துடைத்து வைத்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. புகையே இல்லை. முன்பணம் கை மாறுகிறது.

மறுநாள் விடியற்காலை, சொந்த வாசலில், நீலப் புகை!

விற்றவர் வண்டியை அரை மணி நேரம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பேச்சுக் கொடுக்கும் முன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் விலை பேசாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன். அதுவரை கிளப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நியாயமாக விற்கிறவர் "அதற்கென்ன, வாருங்கள்" என்பார். முகம் மாறினால் அந்தக் கார் நமக்கு வேண்டாம்!

கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை மறைப்பதும் உண்டு. ஆயிலில் கலக்கும் டப்பா மருந்துகளும் கடையில் விற்கின்றன. இறுகிப்போன ரப்பருக்கு அவற்றால் சில சமயம் கொஞ்ச நாள் பலன் கிடைக்கலாம். தேய்ந்த இரும்பை வளரவைக்கும் மருந்து கிடையாது.

கறுப்புப் புகை

மண்ணெண்ணெய் விளக்கில் திரியை அதிகம் தூக்கினால் சிம்னி கறுக்கும். எரிபொருள் அதிகம், காற்று குறைவு. காரிலும் அதுதான் கதை.

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரைப் பலருக்கு நினைவிருக்கும். சோக் குமிழை இழுத்துக் கிளப்புவார்கள். காலையில் கொஞ்சம் கறுப்புப் புகை வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். என்ஜின் சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ள மறந்தவர்தான் பெட்ரோல் பங்குக்கு நல்ல வாடிக்கைக்காரர்!

இன்றைய கார்களில் அந்தக் குமிழ் இல்லை. என்ஜின் எவ்வளவு சூடு என்பதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்லுகிறது. அதன்படி பெட்ரோல் அளந்து விடப்படுகிறது. சென்சார் கெட்டு, சூடான என்ஜினையும் குளிர்ந்தது என்று சொன்னால் கறுப்புப் புகை வரும். காற்று வடிகட்டி தூசியில் அடைத்துக்கொண்டாலும் வரும். முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியைத்தான். விலை குறைவு, வேலையும் சுலபம்.

சான்றிதழ் பார்க்காதது

இனி அந்த ராஜபாளையத்து வீட்டுக்காரரின் சான்றிதழுக்கு வருவோம்.

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதி புகையைப் பற்றியது. பாரத் ஸ்டேஜ் 4 வகைக்கும் அதற்குப் பிந்திய வகைக்கும் சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். பழைய வகைக்கு ஆறு மாதம். 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்சூரன்சோடும் முடிச்சுப் போட்டது; 2024-ல் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. 2019-ல் திருத்திய சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். சான்றிதழ் கட்டாயம் வாங்க வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை எப்போது நடக்கிறது? என்ஜின் சூடேறிய பிறகு! பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காருக்கு, நின்ற இடத்தில் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எல்லா வண்டியையும் ஒரே நிலையில் வைத்து அளந்தால்தான் நியாயம். அதனால் சூடாக்கி அளக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், பெட்ரோல் கார் அதிகமாக அசுத்தம் செய்வதே குளிர்ந்திருக்கும் அந்த முதல் சில நிமிஷத்தில்தான். காரின் அடியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் அதில் பூசியிருக்கும். நச்சு வாயுக்களை அது மாற்றிவிடும். ஆனால் சுமார் 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் அது வேலை செய்யும். அதுவரை நச்சு அப்படியே வெளியேறுகிறது. நீலப் புகை விடும் காரில் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அந்தப் பூச்சின் மேல் படிந்து நாளடைவில் அதைச் சாகடித்துவிடுகிறது. இருபது விநாடி நீலப் புகைதானே என்று விட்டால் அதன் விலை இது.

ஆகவே சான்றிதழ் சொல்வது உண்மை. முழு உண்மை அல்ல. காலை ஆறு மணிப் புகையைப் பார்க்கச் சோதனை நிலையத்துக்காரர் வரமாட்டார். வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, புகையின் நிறம், எத்தனை விநாடி நின்றது, ஆயில் அளவு. வாரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பட்டறைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். புகை வரும்போது செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத புகை

நிறமில்லாத புகை ஒன்றும் இருக்கிறது. கொல்லுவது அதுதான்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. மூச்சோடு உள்ளே போனால் ஆக்சிஜனை முந்திக்கொண்டு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், மயக்கம். அப்புறம் எழுந்திருக்க முடியாது. குளிர்ந்த என்ஜின் இந்த வாயுவை அதிகமாகவே விடுகிறது.

வீட்டின் முன் அறையையே ஷெட்டாக்கி ஷட்டர் போட்டிருப்பவர்கள் பலர். ஷட்டரை முழுவதும் தூக்காமல் காரைக் கிளப்பாதீர்கள். மழையானாலும் கிளப்பாதீர்கள். கிளப்பியதும் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

"பத்து நிமிஷம் ஓடவிட்டால்தான் என்ஜினுக்கு நல்லது" என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்றைய கார்களுக்கு அது வேண்டியதில்லை. ஆயில் மேலே ஏற அரை நிமிஷம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினால் நின்ற இடத்தில் சூடாவதைவிடச் சீக்கிரம் சூடாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

பள்ளிக்கூட வேன்கள்

சொந்தக் காரானால் சொந்தக்காரர் பார்க்கலாம். குழந்தைகள் போகிற வேனை யார் பார்ப்பது?

2012-ல் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அதிகாரிகள் எல்லா வண்டிகளையும் ஒரு மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி, பிரேக் என்று ஒன்று விடாமல் பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் மைதானத்துக்கு அந்த வேன்கள் ஓடித்தானே வந்திருக்கும்? வந்து சேரும்போதே என்ஜின் சூடு. காலைப் புகை அங்கே தெரியாது.

அந்தப் புகை தெரிவது பள்ளிக்கூட ஷெட்டில், காலை ஆறரை மணிக்கு. வரிசையாகப் பத்து வேன்களைக் கிளப்பி ஓடவிடுகிறார்கள். முதல் வேனில் ஏறும் உதவியாள் அம்மாள் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது, சொல்லாமல் கொள்ளாமல், அதிகாரிகள் சில ஷெட்டுகளுக்கு அந்த நேரத்தில் போக வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். பத்து வேனுக்குப் பத்து நிமிஷம். கருவி எதுவும் வேண்டாம். எந்த வேனில் நீலம் வருகிறது, எதில் வெள்ளை நிற்காமல் வருகிறது என்று குறித்துக்கொண்டு, "பதினைந்து நாளில் சரி செய்து காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

பள்ளி நிர்வாகிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் டிரைவர்கள் சாவியைத் திருப்பும் முன் ஷெட்டில் போய் நிற்கலாம். ஓட்டுகிறவரையே கேட்டாலும் சரி. எந்த வண்டி எந்தப் புகை விடுகிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.